நெயில் ப்ரெப் கிட் ரிவ்யூ: ஏழு பொருள்ல மூணுதான் உருப்படி

மூணு மாசம் யூஸ் பண்ணிட்டுதான் இத எழுதுறேன். பார்சல் பிரிச்ச அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போடுறவங்க மேல எனக்கு எப்பவுமே டவுட்டு உண்டு, ஏன்னா நகம் விஷயத்துல ஒரு சாமான் தேறுமா தேறாதான்னு தெரிய கொறஞ்சது ரெண்டு வாரம் ஆகும், மொத நாள் பாத்தா எந்த ஜெல்லும் அழகாத்தான் இருக்கும்.

இத வாங்கின கதைய சொல்லிடுறேன். வீட்லயே பில்டர் ஜெல் (நகத்து மேல தடிப்பா போட்டு லேம்ப் வெளிச்சத்துல இறுக வெக்கிற ஜெல்) போட ஆரம்பிச்ச புதுசுல எனக்கு அஞ்சாம் நாளே நகம் ஆரம்பிக்கிற பக்கம் ஜெல் லேசா தூக்கிக்கும், லிஃப்டிங்னு சொல்வாங்க, அதுல தலைமுடி போய் மாட்டும், மாட்டினா கை சும்மா இருக்குமா, நோண்டி நோண்டி பத்தாம் நாள் முழுசா பேத்து எடுத்துடுவேன். ஜெல்ல மாத்தினேன், பேஸ் கோட்ட மாத்தினேன், லேம்ப்கூட மாத்தினேன், ஒண்ணும் நடக்கல. ஒரு நாள் பேந்து வந்த ஜெல்ல சும்மா திருப்பி வெளிச்சத்துல பாத்தேன், அடியில ஓரமா ட்ரேசிங் பேப்பர் மாதிரி மெல்லிசா ஒரு தோல் ஒட்டிட்டு இருக்கு. அப்பதான் மண்டைல ஏறுச்சு, ஜெல் ஒழுங்காத்தான் ஒட்டியிருக்கு, ஆனா நகத்து மேல இல்ல, அந்த செத்த தோல் மேல! பாவம் அந்த லேம்ப தூக்கி வேற ஒருத்தங்களுக்கு குடுத்துட்டேன்.

சரி கிட்டுக்கு வருவோம். க்யூட்டிகிள் ரிமூவர், தோல தள்ள ரெண்டு முனை இருக்குற மெட்டல் புஷர், தோல வெட்டுற நிப்பர், 180/240 ஃபைல் (நம்பர் கொறஞ்சா சொரசொரப்பு ஜாஸ்தி), லேசா தேய்க்க பஃபர், நகத்துல ஈரமும் எண்ணெயும் எடுக்குற டிஹைட்ரேட்டர், ஜெல் நல்லா புடிக்க அடியில தடவுற ப்ரைமர்னு மொத்தம் ஏழு. கூட ஒரு துண்டு பேப்பர்ல எப்படி பண்றதுன்னு படம் போட்டு குடுத்திருக்காங்க, அந்த பேப்பர பத்தி தனியா திட்டணும், அப்புறம் வரேன்.

மொதல்ல ஒரு விஷயம், இது தெரியலன்னா எவ்ளோ நல்ல கிட் வாங்கினாலும் வேஸ்ட். க்யூட்டிகிள்னு நம்ம எல்லாரும் சொல்றது நகம் ஆரம்பிக்கிற எடத்துல தடிப்பா தெரியுற தோல் மடிப்பத்தானே, அது க்யூட்டிகிளே இல்லங்க. அது உயிருள்ள தோல், அத வெட்டினா ரத்தம் வரும், கிருமி உள்ள போற வழி தொறந்துக்கும், நகச்சுத்து வந்து விரல் விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். நிஜ க்யூட்டிகிள் அந்த மடிப்புக்கு அடியில இருந்து நகம் வளரும்போது கூடவே நகத்து மேல ஒட்டிட்டு வர்ற செத்த தோல், கண்ணாடி மாதிரி இருக்கும், சும்மா பாத்தா கண்ணுக்கே தெரியாது. எடுக்க வேண்டியது இத மட்டும்தான். என் லிஃப்டிங்குக்கு காரணம் இதேதான்.

இந்த கிட்ல ரிமூவர் சூப்பர், இதுக்கு மட்டும் தனியா அஞ்சு ஸ்டார் குடுப்பேன். பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு இருக்குற ஜெல் டைப், அதாவது நல்ல காரம் (ஆல்கலி), செத்த தோல ஊற வெச்சு இளக்கிடும். தண்ணியா ஓடாம வெச்ச எடத்துலயே நிக்குது. ஆனா காரம்ங்கிறத மறந்துட்டு கை க்ரீம் மாதிரி தடவிட்டு போன் பாத்துட்டு உக்காந்துடாதீங்க, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் போதும், எரிஞ்சா உடனே கழுவிடணும், காயம் இருக்குற விரல்ல வெக்கவே கூடாது. முடிச்சதும் சோப்பு போட்டு பிரஷ்ல தேய்ச்சு கழுவணும், மிச்சம் இருந்தா அதுவே அடுத்த லிஃப்டிங்குக்கு வழி பண்ணிடும். அந்த பிரஷ் கிட்ல இல்ல, எனக்கு இது பெரிய கொறைதான், இத்தன குடுத்தவங்க ஒரு சின்ன நெயில் பிரஷ் குடுத்திருந்தா என்னவாம்.

அடுத்தது புஷர். ஒரு முனை கரண்டி மாதிரி வளைஞ்சது, இன்னொரு முனை சின்னதா கூரா சொரண்டி மாதிரி. நான் முதல் வாரம் கரண்டி பக்கம்தான் யூஸ் பண்ணேன், சொரண்டி பக்கம் என்னத்துக்குன்னே தெரியல. உண்மைல பாதி வேலை அதுலதான் இருக்கு! கரண்டிய சாச்சு புடிச்சு மடிப்ப மெதுவா பின்னாடி தள்ளினதும், சொரண்டிய வெச்சு நகத்து மேல சின்ன சின்ன வட்டமா போனா அந்த செத்த தோல் வெள்ளையா பொடிப்பொடியா வரும், மொத தடவ வந்தத பாத்து எனக்கே அருவருப்பா இருந்துச்சு, இதுக்கு மேலயா நான் இத்தன நாள் ஜெல் ஊத்தினேன்னு. ரெண்டு பக்க ஓரத்தையும் மறந்துடாதீங்க, அங்கதான் நிறைய ஒளிஞ்சிருக்கும். அழுத்த மட்டும் கூடாது, நகம் உருவாகுறது அந்த மடிப்புக்கு அடியிலதான், அங்க போட்டு குத்தினா பின்னாடி வளர்ற நகத்துல பள்ளமோ கோடோ விழும், விரல் நகம் மாசத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால இன்னைக்கு பண்ண தப்பு நுனி வரைக்கும் போய் வெட்டி எறிய கிட்டத்தட்ட ஆறு மாசம் ஆகும்.

நிப்பர பத்தி கேட்டா, இத கிட்ல வெச்சதே தப்புன்னு சொல்வேன். நல்ல கூர், அதுதான் பிரச்சனையே. புதுசா பண்றவங்க கைல இது கெடச்சா உயிருள்ள தோலதான் வெட்டுவாங்க, நானும் வெட்டினேன், கட்டைவிரல்ல ரெண்டு நாள் வலி. வெட்ட வெட்ட அந்த எடம் காப்புக் காச்ச மாதிரி இன்னும் தடிச்சுதான் வளருது. பிஞ்சு தொங்குற சின்ன தோல் இருந்தா அத மட்டும் கட் பண்ணிட்டு டப்பாக்குள்ள போட்டு மூடிடுங்க.

ஃபைலும் பஃபரும் சுமார் ரகம். 240 பக்கம் ஓகே, 180 பக்கத்த நகத்து நுனிய ஷேப் பண்ண மட்டும்தான் எடுக்குறேன். நகத்தோட பளபளப்ப எடுத்தா போதும், நகத்தையே தேய்க்கக் கூடாது, மொத்த தடிமனே அரை மில்லிமீட்டர் கணக்குதான். சொரசொரப்பா இருந்தா நல்லா புடிக்கும்னு நெனச்சு தேய் தேய்னு தேய்ப்பாங்க சிலர், நகம் மெலிஞ்சு வளைய ஆரம்பிச்சுடும், வளையுற நகத்து மேல வளையாத ஜெல் எப்படி நிக்கும் சொல்லுங்க.

இப்ப அந்த பேப்பருக்கு வரேன். ஃபைல் பண்ணி முடிச்சதும் வெதுவெதுப்பான தண்ணில கைய ஊற வெக்கணுமாம்! யாருங்க இத எழுதினது. நகம் தண்ணிய உறிஞ்சும், உறிஞ்சினா விரியும், அந்த நேரத்துல ஜெல் போட்டா அப்புறம் காஞ்சு சுருங்கும்போது ஜெல்லோட பிடி விட்டுடும். தண்ணி வேலை எல்லாம் ஆரம்பத்துல ரிமூவரோட முடிஞ்சிடணும், அப்புறம் நல்லா தொடச்சு கொஞ்ச நேரம் விட்டு, காஞ்ச நகத்துலதான் ஃபைல். பஃப் பண்ண தூசிய கழுவாம லின்ட் ஃப்ரீ வைப்ஸ்ல ஆல்கஹால் தொட்டு தொடைங்க, பஞ்சு வேணாம், அதோட நூல் ஒட்டிக்கிட்டு ஜெல்லுக்கு அடியில முடி மாதிரி நிக்கும்.

டிஹைட்ரேட்டர் தேவையா இல்லையான்னு நெறைய பேர் கேக்குறாங்க. தேவைதான், ஏன்னு ஒரு பல் டாக்டர் கதைய வெச்சே சொல்றேன். அக்ரிலிக் நகமே 1954ல பிரெட் ஸ்லாக்ங்கிற அமெரிக்க பல் டாக்டர், உடைஞ்சு போன தன் நகத்த பல்லுக்கு யூஸ் பண்ற அக்ரிலிக்க வெச்சு சரி பண்ணதுல இருந்து வந்ததுன்னு சொல்வாங்க. பல்ல அடைக்கிறதுக்கு முன்னாடி பஞ்சு வெச்சு, காத்து அடிச்சு காய வெப்பாங்கல்ல, அதே வேலைதான் இது. தடவினதும் நகம் சாக்பீஸ் கலர்ல வெளுத்துப் போகும், எங்கயாவது மட்டும் பளபளன்னு இருந்தா அங்க எண்ணெயோ செத்த தோலோ இன்னும் இருக்குன்னு அர்த்தம், நான் இத ஒரு செக்கிங் மாதிரியே வெச்சுக்குறேன். கொஞ்ச நேரத்துலயே நகத்துல திரும்ப எண்ணெய் ஏறிடும், அதனால தடவிட்டு டீவி பாக்க போயிடாதீங்க, முகத்தையும் தலையையும் தொடாதீங்க.

ப்ரைமர் ஆசிட் ஃப்ரீ டைப், காஞ்சாலும் டபுள் சைடு டேப் மாதிரி பிசுபிசுன்னு நிக்கும், அப்படித்தான் இருக்கணும், காயலைன்னு நெனச்சு மேல மேல தடவாதீங்க. பழைய ஆசிட் டைப்ல மெத்தாக்ரிலிக் ஆசிட் இருக்கும், தோல்ல பட்டா பொசுக்கிடும், அதுக்கு இது எவ்வளவோ தேவல. ஆனா லேபிள்ல ஹேமான்னு (HEMA) ஒரு கெமிக்கல் இருக்கு, பேர கேட்டா பக்கத்து வீட்டு அக்கா மாதிரி சாதுவா தெரியுது, தோல்ல திரும்பத் திரும்ப பட்டா அலர்ஜி ஆக்கிடும். ஐரோப்பிய யூனியன்ல இது இருக்குற நகச் சாமான்ல ப்ரொஃபஷனல் யூஸ் மட்டும்னு போட்டே ஆகணும், இந்த பாட்டில்ல அப்படி ஒரு வரியும் இல்ல. 2018ல பிரிட்டிஷ் தோல் டாக்டர்கள் சங்கம் இந்த வகை கெமிக்கல் பத்தி எச்சரிக்கை விட்டாங்க, ஒரு தடவ அலர்ஜி வந்துட்டா பின்னாடி பல் அடைக்கிறதுக்கு கூட பிரச்சனை ஆகலாம்னு. பல் டாக்டர்கிட்ட இருந்து வந்த சாமான் கடைசில பல் டாக்டர்கிட்டயே கொண்டு போய் மாட்டி விடுது பாருங்க. நான் பிரஷ்ஷ பாட்டில் வாயில வழிச்சு, நகத்து நடுவுல மட்டும் துளி தொட்டு விடுறேன், தோல்ல படவே விடுறது இல்ல. உண்மைய சொல்லணும்னா கடைசி ரெண்டு தடவ ப்ரைமர் இல்லாமதான் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியல.

ரிசல்ட் என்னன்னா, இப்ப ரெண்டரை வாரம் கழிச்சும் பத்து விரல்ல ஒண்ணுல மட்டும் ஓரத்துல லேசா தூக்கியிருக்கு, அதுவும் வலது கைக்கு இடது கையால போட்ட கோணல்தான் காரணம். தூக்கினத அப்படியே விட்டுடாதீங்க, உள்ள ஈரம் தங்கினா சூடோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா வந்து நகமே பச்சையா மாறிடும், அதுக்கு மேல மறுபடி ஜெல் போட்டு மறைக்கிற வேலையும் வேணாம்.

ஏற்கனவே நல்ல புஷரும் ஃபைலும் வெச்சிருக்கவங்க இந்த கிட் வாங்க வேணாம், ரிமூவர மட்டும் தனியா வாங்கிக்கலாம், அதே லேபிள்ல தனி பாட்டிலா வருது. புதுசா ஆரம்பிக்கிறவங்க தாராளமா வாங்கலாம், ரிமூவர், புஷர், டிஹைட்ரேட்டர் இந்த மூணுக்காக. அஞ்சுக்கு மூணரை, அரை மார்க் நிப்பருக்கு, ஒரு மார்க் அந்த பேப்பருக்கு கழிச்சாச்சு. அந்த பேப்பர நான் ஃபைல் தூசி விழாம மேசைல விரிச்சுக்க வெச்சிருக்கேன்.