நெருக்கடி நிலையை எந்த நாவலில் படிப்பது?

1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நீடித்த நெருக்கடி நிலையைப் புனைவில் படிக்க விரும்புவோர் முன் பெரும்பாலும் இரண்டு ஆங்கில நாவல்கள் வந்து நிற்கும்: சல்மான் ருஷ்டியின் 'மிட்நைட்ஸ் சில்ட்ரன்' (1981), ரோஹின்டன் மிஸ்திரியின் 'எ ஃபைன் பேலன்ஸ்' (1995).

ருஷ்டிக்கு அது மாயக்கதையின் உச்சம். நாடு விடுதலை பெற்ற நள்ளிரவில் பிறந்த சலீமும் அவனைப் போன்ற அபூர்வக் குழந்தைகளும் பிடிக்கப்பட்டு, கருத்தடை செய்யப்படுகிறார்கள். இந்திரா காந்தி 'விதவை'யாக வருகிறார். நாவலின் ஒரு வாக்கியத்துக்காக அவர் லண்டனில் வழக்குத் தொடுக்க, அந்த வாக்கியம் நீக்கப்பட்டது.

மிஸ்திரியிடம் மாயமே கிடையாது. பிரதமருக்கும் நகரத்துக்கும் பெயர்கூட இல்லை. சாதிக் கொடுமையிலிருந்து தப்பி நகரத்துக்கு வந்த தையல்காரர்கள் ஈஷ்வரும் அவன் தம்பி மகன் ஓமும்தான் மையம். குடிசை இடிபடுகிறது, நடைபாதையில் தூங்கியவர்களை லாரியில் அள்ளிப் போய் வேலைமுகாமில் தள்ளுகிறார்கள். ஓமுக்குப் பெண் தேடி ஊருக்குப் போன இடத்தில் இருவருக்கும் கட்டாயக் கருத்தடை. அறுவையில் சீழ்பிடித்து ஈஷ்வர் கால்களை இழக்கிறான். ஓமுக்கு நேர்வது அதைவிடக் கொடுமை. பழைய சாதிப் பகைதான் அதற்குக் காரணம். டெல்லி ஆணை கிராமத்து ஆதிக்கசாதிக்காரன் கையில் என்ன ஆகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக ருஷ்டி காட்டவில்லை. துயரம் சில இடங்களில் அளவு மீறுகிறது என்பதும் உண்மை.

மொழி விளையாட்டில் மயங்குபவர் ருஷ்டியை எடுக்கலாம். அரசு ஏழையின் உடல்மீது எப்படிக் கை வைக்கிறது என்று அறிய, என் தேர்வு மிஸ்திரிதான்.