தண்ணீர் நின்ற சனிக்கிழமை: எங்கள் கிணற்றைக் காத்த பம்ப் குடும்பம்

வட கரோலினாவின் சாட்டம் கவுண்டியில் வீடு தேடும் நம் ஆட்கள் மூன்று பேர் இந்த மாதம் மட்டும் என்னிடம் விசாரித்தார்கள். பள்ளிக்கூடம் எப்படி, ராலே போக எவ்வளவு நேரம், கோவில் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டார்கள். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. 2019-இல் மோரிஸ்வில் அபார்ட்மென்ட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தபோது நானும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்தவர்கள் சைலர் சிட்டிப் பக்கமிருந்து வரும் ஒரு அப்பாவும் மகனும். போர்க் கிணறு, மோட்டார், பிரஷர் டேங்க், இவைதான் அவர்கள் தொழில். வேறு எந்த வேலைக்கும் போவதில்லை. அவர்களுக்கு ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை ஏன் குறைந்தது என்பதையும் எழுதுகிறேன். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். புது ஆட்கள் நிறைய கூப்பிட்டால் பல வருடமாகக் கூப்பிடுகிறவர்களைக் காக்க வைக்க வேண்டிவரும் என்பது அவர் கவலை. அதனால் பெயர் இல்லை.

இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிழக்கே கேரி, ராலே, வடக்கே சாப்பல் ஹில், டர்ஹம், வடமேற்கே கிரீன்ஸ்பரோ. நடுவில் பைன் காடும் மாட்டுப் பண்ணையும் கோழிப் பண்ணையுமாகக் கிடக்கிறது எங்கள் கவுண்டி. 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே 76,285. எங்கள் வீடு பிட்ஸ்பரோவுக்கும் சைலர் சிட்டிக்கும் நடுவில், 64-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து போகும் ஜல்லிச் சாலையில், இரண்டரை ஏக்கரில் இருக்கிறது. இங்கே குழாய் இணைப்பு கிடையாது, பாதாளச் சாக்கடையும் கிடையாது. தண்ணீர் நம் போரிலிருந்து வரும், கழிவு நம் செப்டிக் டேங்குக்குப் போகும். இரண்டுக்கும் வீட்டுக்காரர்தான் பொறுப்பு.

கவுண்டியின் கிழக்குப் பகுதியில் கடல்போல ஜோர்டன் ஏரி விரிந்து கிடக்கிறது. பெரும்பகுதி எங்கள் எல்லைக்குள்தான். கேரி, ஏபெக்ஸ் ஊர்களின் குழாய்களில் வருவது அந்தத் தண்ணீர். மோரிஸ்வில்லில் இருந்த ஏழு வருடமும் நான் குடித்தது சாட்டம் கவுண்டி ஏரித் தண்ணீர் என்பது இங்கே குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது அந்த ஏரியிலிருந்து முக்கால் மணி தூரத்துக்குள் இருந்துகொண்டு 305 அடி ஆழத்துப் பாறை வெடிப்பில் கசிகிற தண்ணீரைக் குடிக்கிறேன். சொல்லப்போனால் இது அதைவிட ருசி. ரசத்திலும் காபியிலும் வித்தியாசம் தெரிகிறது.

அவர்களை முதலில் கூப்பிட்டது 2021 ஜூனில். காலையில் குளித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நூலாகி நின்றுவிட்டது. டிரிப்பர் விழவில்லை. நகரத்திலிருந்து வரும் பெரிய கம்பெனி ஒன்றுக்கு அழைத்தேன். ஆள் வந்து பார்க்கும் முன்பே, ஃபோனிலேயே, மோட்டார் போயிருக்கும், டேங்க்கும் சேர்த்து மாற்றுவது நல்லது என்று 6,500 டாலர் சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மா சைலர் சிட்டி எண்ணைக் கொடுத்தார். மதியம் பெரியவர் மட்டும் வந்தார். டேங்க் பக்கத்தில் இருந்த சின்னச் சாம்பல் நிறப் பெட்டியின் மூடியைக் கழற்றி, என்னை அருகில் வரச் சொல்லிக் காட்டினார். உள்ளே எறும்பு. பிரஷர் சுவிட்சின் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு நடுவே நசுங்கிக் கருகிக் கிடந்தன. புள்ளிகள் சேர முடியாததால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை. சுவிட்சை மாற்றி, பெட்டியின் ஓட்டையை அடைத்து, 165 டாலர் வாங்கிக்கொண்டார்.

போவதற்கு முன் அரை மணி நேரம் நின்று பாடம் நடத்தினார். அந்த அரை மணி நேரத்துக்காகவே இதை எழுதுகிறேன் என்று சொன்னால் மிகையில்லை. அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன். டேங்க்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. ஒரு பக்கம் காற்று, இன்னொரு பக்கம் தண்ணீர். குழாயைத் திறந்தால் காற்று தண்ணீரைத் தள்ளும். அழுத்தம் 30 பி.எஸ்.ஐ.க்கு இறங்கினால் சுவிட்ச் மோட்டாரை ஓட்டும். 50-ஐத் தொட்டால் நிறுத்தும். மோட்டாரை அணைத்துத் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, கார் டயருக்குக் காற்றுப் பார்க்கும் கேஜை டேங்க்கின் தலையில் வைத்தால் 28 காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் மோட்டார் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடி ஓடி நின்று ஆயுசைக் குறைத்துக்கொள்ளும். "டப் டப்பென்று சுவிட்ச் அடிக்கடி அடிக்கிற சத்தம் கேட்டால் உடனே கூப்பிடுங்க. தண்ணி நின்ன பிறகு கூப்பிட்டா செலவு அதிகம்" என்றார். அன்றிலிருந்து வருடத்துக்கு இரண்டு தடவை நானே கேஜ் வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டாவது தடவைதான் பெரிய சோதனை. 2024 ஜனவரி, சனிக்கிழமை மாலை, வெளியே உறைபனி. பல்லடத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அம்மா அரிசி களைந்துகொண்டிருக்கும்போது குழாய் நின்றது. இந்த முறை டிரிப்பர் விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுந்தது. அழைத்தேன். இரவு எட்டரைக்குப் பெரியவரே திருப்பிக் கூப்பிட்டார். டிரிப்பரைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட வேண்டாம் என்றார். எத்தனை பேர் வீட்டில் இருக்கிறீர்கள், வயதானவர்கள் உண்டா என்று கேட்டார். ஒரு மணி நேரத்தில் மகன் பிக்கப் வண்டியில் இருபது காலன் தண்ணீரைக் கேன்களில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அதற்குப் பணம் கேட்கவில்லை, பில்லிலும் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேலை செய்வதில்லை. காலையில் சர்ச், அப்புறம் குடும்பம். எவ்வளவு கொடுத்தாலும் வரமாட்டார்கள். நான் குறைத்த அரை நட்சத்திரத்தில் பாதி இதற்கு. நியாயமா என்று எனக்கே உறுதியில்லை, ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு நாள் என்பது நீண்ட நேரம்.

திங்கள் காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. மோட்டார் தூக்கும் கம்பத்தை நிமிர்த்தும்போதே அப்பா ஸ்வெட்டரும் குல்லாவுமாக வெளியே வந்து நின்றுவிட்டார். எங்கள் ஊர்க் காட்டில் ஆயிரத்து இருநூறு அடி போட்டும் வெறும் புழுதியைப் பார்த்தவர் அவர். மூன்று போர் போட்டு மூன்றும் பொய்த்துத் தென்னையைக் காயவிட்ட வருடம் எனக்குப் பதினான்கு வயது. அவர் போர்க் குழியை எட்டிப் பார்க்கும்போது நின்ற விதமே வேறாக இருந்தது.

"எத்தன அடியில தண்ணி நிக்குதுன்னு கேளு கண்ணு" என்றார்.

கேட்டேன். பெரியவர் அளவுக் கயிறை இறக்கிப் பார்த்து, 42 அடி என்றார். அப்பா நம்பவில்லை. மறுபடி கேட்கச் சொன்னார். பெரியவர் சளைக்காமல் கயிறை இன்னொரு தடவை இறக்கி, நனைந்த இடத்தை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டினார். அப்பா அந்த ஈரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் போரில் ஊற்று குறைவு. நிமிடத்துக்கு இரண்டு காலன், அதாவது ஏழரை லிட்டர்தான். சிலேட் பெல்ட் என்று சொல்லப்படும் கெட்டிப் பாறை இது. வெடிப்பு கிடைத்த இடத்தில்தான் தண்ணீர். ஆனால் ஆறு அங்குல போரில் ஓர் அடிக்கு ஏறத்தாழ ஒன்றரை காலன் நிற்கும். மோட்டார் 260 அடியில் தொங்குகிறது. அதற்கு மேலே 218 அடித் தண்ணீர் என்றால் சுமார் 320 காலன், 1,200 லிட்டர். "உங்க டேங்க் தரைக்குக் கீழே இருக்குன்னு நினைச்சுக்கோங்க. ஒரே நாளில் துணியெல்லாம் துவைக்காதீங்க, பிரிச்சுப் பிரிச்சுத் துவைங்க" என்றார் பெரியவர். வீட்டை விற்றவரோ, இடையில் நின்ற ஏஜென்ட்டோ இதைச் சொல்லவில்லை. ஆய்வு அறிக்கையிலும் 'தண்ணீர் வருகிறது' என்ற ஒரு வரிக்கு மேல் இல்லை.

இருபது அடிப் பைப் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அப்பா எண்ணினார்: பதின்மூன்று. கடைசியில் மோட்டார். மகன் அதைப் புல்லில் கிடத்தி, ஒயரைக் கையால் உருவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். ரப்பர் உறை தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. மோட்டார் ஓட ஆரம்பிக்கும் ஒவ்வொரு தடவையும் பைப் ஒரு முறுக்கு முறுக்கும். அந்த முறுக்கில் ஒயர் பாறையில் உரசாமல் இருக்க, மோட்டாருக்கு மேலே ரப்பர் தாங்கி ஒன்று மாட்ட வேண்டும். 2003-இல் போட்டவர் மாட்டாமல் விட்டிருக்கிறார். இருபது வருட உரசலில் ஒயர் ஷார்ட் ஆகி, மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளான காயிலும் கருகிவிட்டது.

"காயில் போச்சு" என்று அப்பா தமிழில் சொன்னார். மகன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு அதையே ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு இரண்டு பேரும் என் உதவி இல்லாமலே பேசிக்கொண்டார்கள். நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பதை அப்பா நடித்துக் காட்டினார். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, தன் தாத்தா கவட்டையாக இருக்கும் பீச் மரக் குச்சியைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் நடப்பார் என்று கைகளை முன்னே நீட்டி நடந்து காட்டினார். நம்புகிறீர்களா என்று நான் கேட்டதற்கு, பாறை வெடிப்பு யாருக்குத் தெரியும், தாத்தா காட்டிய இடத்தில் தண்ணீர் வந்த கதை மட்டும்தான் வீட்டில் சொல்வார்கள் என்றார்.

புது மோட்டார், முழு நீளத்துக்குப் புது ஒயர், ரப்பர் தாங்கி, புது வால்வு எல்லாம் சேர்த்து 2,850 டாலர். டேங்க்கை மாற்றச் சொல்லவில்லை. காற்றைப் பார்த்தார், சரியாக இருந்தது, விட்டுவிட்டார். மூன்று வருடத்துக்கு முன் அந்த 6,500-க்குத் தலையாட்டியிருந்தால் நன்றாக இருந்த டேங்க் ஒன்று குப்பைக்குப் போயிருக்கும். முடிந்ததும் குளோரின் ஊற்றிச் சுத்தம் செய்து, ஒரு நாள் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், வாடை போகும்வரை வெளிக்குழாயைத் திறந்துவிடுங்கள் என்றார்கள். இரண்டு வாரம் கழித்துக் கிருமிப் பரிசோதனை செய்யுங்கள் என்று கவுண்டி சுகாதாரத் துறையின் எண்ணையும் எழுதிக் கொடுத்தார்கள். செய்தேன், சுத்தம்.

2025 ஜூலை தொடக்கத்தில் சாண்டல் புயல் மழையில் ஹா ஆறு கரை மீறி ஓடியபோது, போரின் தலை முங்கிப்போன வீடுகளுக்கு அவர்கள் போனார்கள். எங்கள் போர் மேட்டில் இருக்கிறது, எங்களுக்கு மின்சாரம் மட்டும் போனது. மின்சாரம் போனால் தண்ணீரும் போகும் என்பதை இங்கே வருகிறவர்கள் முதல் நாளே மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். புயல் அறிவிப்பு வந்தால் நான் குளியல் தொட்டியை நிரப்பிவிடுவேன்.

மீதிக் குறை: கார்டு வாங்கமாட்டார்கள், செக்தான். பில் கையால் எழுதியது. ஒருமுறை செவ்வாய்க்கிழமை என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை வந்தார்கள். இடையில் ஒரு தகவலும் இல்லை. நான் வேலைக்கு விடுப்பு எடுத்துக் காத்திருந்தேன். அதை அவரிடம் நேராகச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டார், அதற்குப் பிறகு அப்படி நடக்கவில்லை.

பிட்ஸ்பரோவை ஒட்டி சாட்டம் பார்க் என்று 7,000 ஏக்கரில் புது நகரியம் எழுந்துகொண்டிருக்கிறது. 22,000 வீடுகள் திட்டம். குழாய்த் தண்ணீர் வேண்டுமென்றால் அதைப் பாருங்கள். எங்கள் பக்கம் போல நிலத்தோடு வீடு வேண்டுமென்றால், கையெழுத்துப் போடும் முன் போரின் ஆழம், ஊற்று அளவு, மோட்டார் எத்தனை அடியில், எந்த வருடத்தது என்று நான்கையும் எழுத்தில் கேளுங்கள். 2008 ஜூலைக்குப் பிறகு போட்ட போர் என்றால் கவுண்டியில் அனுமதியும் தண்ணீர்ப் பரிசோதனைப் பதிவும் இருக்கும். எங்களுடையதுபோல அதற்கு முந்தையது என்றால் பரிசோதனை உங்கள் செலவு. ஆர்சனிக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், இந்தப் பாறையில் அது வரலாம்.

வீடு வாங்கி முடித்தவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள், எண்ணைத் தருகிறேன். காலை ஏழு மணிக்கு முன்பே அழையுங்கள், எடுப்பார். வீட்டு எண்ணைவிடச் சாலைப் பெயரைச் சொன்னால் அவருக்குச் சீக்கிரம் புரியும். நாய் இருந்தால் கட்டி வையுங்கள்.