ஒமாஹாவில் அவுட்ஃபீல்டு டிக்கெட்: ஹோம் ரன் பைத்தியங்களுக்கு என் சிபாரிசு

ஜூன் மாதம் கல்லூரி பேஸ்பாலின் கடைசிக்கட்டத் தொடரைப் பார்க்க நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்குக் கிளம்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பது, எந்த டிக்கெட் வாங்குவது என்றுதான். சார்ல்ஸ் ஷ்வாப் ஃபீல்டில் இருக்கை எண் இல்லாத ஜெனரல் அட்மிஷன் டிக்கெட் வாங்குங்கள், மைதானத்தின் தூரக் கோடியில், வேலிக்குப் பின்னால் இருக்கும் அவுட்ஃபீல்டு பெஞ்சில் போய் உட்காருங்கள் என்பேன். நாங்கள் லூசியானாவின் பேட்டன் ரூஜ்காரர்கள், வீடே எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணி) கட்சி. பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், விலை கூடுதலான இருக்கையிலும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பிட்சர் போடும் பந்து எங்கே வளைகிறது என்று பார்க்க அது அருமையான இடம். ஆனால் ஹோம் ரன்னுக்காக, அதாவது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அந்த அடிக்காக, ஊர்விட்டு ஊர் வருகிறவர்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும்.

காரணம் இந்த மைதானத்தின் குணம். இங்கே ஹோம் ரன் சுலபத்தில் கிடைக்காது. ஹோம் பிளேட்டிலிருந்து வேலிக்கு ஓரங்களில் 335 அடி, ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையில் 375, நடுவில் 408. 2010 வரை தொடர் நடந்த ரோசன்பிளாட் மைதானத்திலும் இதே அளவுகள்தான். மாறியது திசை. அங்கே பேட்டர் வடகிழக்குப் பக்கமாகப் பார்த்து நிற்பார். கோடைக்காலத் தெற்குக் காற்று பந்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும். 2011-இல் திறந்த இந்தப் புது மைதானத்தில் பேட்டர் பார்ப்பது தென்கிழக்கை. அதே காற்று இப்போது முகத்துக்கு நேரே வருகிறது. போதாக்குறைக்கு, உலோக பேட்டின் துள்ளலைக் குறைக்கும் பிபிகோர் விதியும் அதே 2011-இல்தான் கல்லூரி ஆட்டத்துக்கு வந்தது. 1998 இறுதி ஆட்டத்தில் யுஎஸ்சி 21, அரிசோனா ஸ்டேட் 14 என்று ரன் கொட்டிய தொடர், 2013-இல் மொத்தமே 3 ஹோம் ரன் என்று வற்றிப்போனது. 2014-இலும் அதே 3. அதில் ஒன்று, இறுதிப்போட்டியின் கடைசி ஆட்டத்தில் 8-ஆவது இன்னிங்ஸில் வாண்டர்பில்ட்டின் ஜான் நோர்வுட் அடித்தது. அந்த ஒரு அடிதான் வர்ஜீனியாவை 3-2 என்று வீழ்த்தி வாண்டர்பில்ட்டுக்குக் கோப்பை வாங்கிக்கொடுத்தது. அடுத்த வருடமே பந்தின் தையல் உயரத்தை 0.048 அங்குலத்திலிருந்து 0.031 ஆகக் குறைத்தார்கள். காற்றைக் கிழித்துக்கொண்டு பந்து கொஞ்சம் கூடுதல் தூரம் போக ஆரம்பித்தது. என்றாலும் காற்று காற்றுதான். பேட்டன் ரூஜில் வேலியைத் தாண்டியிருக்கும் அடி, இங்கே வேலிக்கு முன்னால் கையுறையில் போய் அடங்குவதை எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அதனால் அவுட்ஃபீல்டில் உட்காருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. பந்து மேலே எழும்பியதும் பந்தைப் பார்ப்பதில்லை, முதலில் கொடியைப் பார்க்கிறார்கள். கொடி உள்பக்கமாகப் பறந்தால் பாதிப் பேர் எழுந்திருக்கவே மாட்டார்கள். தொங்கிக் கிடந்தால் பெஞ்ச் மொத்தமும் எழுந்துவிடும். இன்னொன்று, சத்தம். நடு வேலிக்குப் பின்னாலிருந்து பார்க்கும்போது பேட்டில் பந்து பட்டதைக் கண் முதலில் பார்த்துவிடும். அந்த 'டிங்' கொஞ்சம் தாமதித்துத்தான் காதுக்கு வரும். நானூறு அடியைக் கடந்துவர ஒலிக்கு மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகிறது. அதற்குள் கீழே நிற்கும் ஃபீல்டரின் முதுகு செய்தி சொல்லிவிடும். நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி முன்னால் ஓடினால் ஒன்றுமில்லை. சட்டென்று திரும்பி, நம்மைப் பார்த்து ஓடிவந்து வேலியைக் கையால் தடவினால் உட்கார முடியாது. டிவி கேமராவில் இதெல்லாம் கிடைக்கவே கிடைக்காது.

2023-இல் வேக் ஃபாரஸ்ட்டோடு எல்எஸ்யு ஆடிய ஆட்டத்தை இந்தப் பெஞ்சிலிருந்துதான் பார்த்தேன். பிட்சர்கள் அந்தப் பக்கம் ரெட் லவுடர், எங்கள் பக்கம் பால் ஸ்கீன்ஸ். ஒன்பதில் முடிய வேண்டிய ஆட்டம், பத்து இன்னிங்ஸ் முடிந்தும் 0-0. 8-ஆவது இன்னிங்ஸில் வேக் ஃபாரஸ்ட் ஒரு பன்ட் போட்டு (பந்தை வீசி அடிக்காமல் மெல்லத் தட்டிவிட்டு) ரன் திருடப் பார்த்தது. எங்கள் ட்ரே மோர்கன் ஓடிவந்து பந்தை எடுத்து ஹோமுக்கு எறிந்து அந்த ரன்னைத் தடுத்தார். அந்த ஆட்டத்தின் உயிர் அங்கேதான் இருந்தது என்பேன். 11-ஆவதில் எங்கள் டாமி வைட் வந்தார், அந்த முறை எதிர்கொண்ட முதல் பந்திலேயே ஹோம் ரன் அடித்தார். லெஃப்ட் ஃபீல்டு பக்கம் பந்து வந்த வேகத்தில் யாரும் கொடியைப் பார்க்கவில்லை. பேஸில் ஏற்கெனவே ஒருவர் நின்றதால் 2-0. முன்வரிசையில் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், யாரென்றே தெரியாத பையனைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன்.

பெஞ்சில் நடக்கும் வாக்குவாதத்துக்காகவே தனியாகக் காசு கொடுக்கலாம். 64 அணிகளில் ஆரம்பித்து, ரீஜனல், சூப்பர் ரீஜனல் என்ற சுற்றுகளைத் தாண்டி எட்டு அணிகள் இங்கே வருகின்றன. அப்படி வந்த எல்லார் முகத்திலும் நம்பிக்கை இருக்கும், எல்லார் வாயிலும் ஒரு கணக்கு இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அர்கன்ஸா ரசிகர், "ஹோம் ரன்னை நம்பி ஒமாஹா வரக்கூடாதுங்க, இங்கே பிட்சிங்தான் சோறு போடும்" என்றார். எங்கள் பெரியவர் விடவில்லை. "1996-இல் எங்கள் எல்எஸ்யு வீரர் வாரன் மோரிஸ் அந்த சீசன் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் இங்கே வந்தார். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், மயாமி ஒரு ரன் முன்னால். அடித்தாரே!" என்றார். அது ரோசன்பிளாட்டில் நடந்தது என்று நினைவூட்டினால் அவருக்குக் கோபம் வரும்.

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. சீசன் முழுக்க 184 ஹோம் ரன் அடித்த டென்னசி 2024-இல் கோப்பையைத் தூக்கியது. 1999-இன் மயாமிக்குப் பிறகு, முதல் தரவரிசையோடு வந்து வென்ற அணி அதுதான். 2022-இல் கோப்பை வாங்கிய ஓல் மிஸ்ஸோ 64 அணிகளின் பட்டியலில் கடைசியாக நுழைந்த அணி. 2025 இறுதிப்போட்டியின் முதல் ஆட்டத்தில் எங்கள் கேட் ஆண்டர்சன் கடைசிவரை தானே பந்துபோட்டு கோஸ்டல் கரோலினாவை 1-0 என்று கட்டிப்போட்டார். எங்களுக்கு எட்டாவது பட்டம் அப்படித்தான் வந்தது. என் கட்சி என்னவென்றால், தொடர் தொடங்கும் முன் பிட்சர்களை எண்ணுங்கள், காற்று அடங்கிய இரவில் ஹோம் ரன்னை எதிர்பாருங்கள்.

சரி, வாங்கப்போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். இருக்கை எண் இல்லாததால் கதவு திறப்பதற்கு வெகுநேரம் முன்பே வரிசையில் நிற்க வேண்டும். எல்எஸ்யு ஆடும் நாள் என்றால் இன்னும் சீக்கிரம். பெஞ்சில் வெகுநேரம் உட்கார வேண்டும், முதுகுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மாலை ஆட்டத்தில் லெஃப்ட் ஃபீல்டு பக்கம் உட்கார்ந்தால், சாயும் சூரியன் நேராகக் கண்ணில் விழும். ரைட் ஃபீல்டு பக்கம் அது இடதுபுறத்திலிருந்து வரும், சமாளிக்கலாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். இன்னிங்ஸ் நடுவே பெரிய பிளாஸ்டிக் பந்துகளைத் தட்டி விளையாடுவது இந்தப் பெஞ்சுகளின் பழைய வழக்கம். பந்து மைதானத்துக்குள் விழுந்தால் ஊழியர் பிடுங்கிக்கொள்வார், கூட்டம் கத்தும். குழந்தைகளுக்கு அது பிடித்துப்போகிறது.

டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே முறையாக வாங்கிவிடுங்கள். ஒரு முறை மறுவிற்பனைத் தளம் ஒன்றில் வாங்கி, கதவருகே நிற்கும்வரை டிக்கெட் போனுக்கு வராமல் தவித்தோம். உதவி எண்ணில் இசைதான் கேட்டது. முதல் இன்னிங்ஸ் போய்விட்டது, பணமும் திரும்பவில்லை.

ஆட்டம் முடிந்தபின் எதிரே ராக்கோஸ் என்ற பாரில் எந்தக் கல்லூரி ரசிகர்கள் அதிகம் ஜெல்லோ ஷாட் (மது கலந்த ஜெல்லி) வாங்குகிறார்கள் என்று பலகையில் எழுதிவைப்பார்கள். 2023-இல் எங்கள் ஆட்கள் 68,888 வாங்கினார்கள். குடிக்காதவர்களும் பலகையைப் பார்க்கவாவது போங்கள், எல்லா அணிகளின் ரசிகர்களும் அங்கே கலந்து நிற்பார்கள். கார் கொண்டுபோகாமல் நடந்துபோகும் தூரத்தில் தங்கினால் இதற்கெல்லாம் நேரம் கிடைக்கும். அப்புறம், இறுதிப்போட்டி மூன்றில் இரண்டு என்ற கணக்கு. மூன்றாவது ஆட்டம் நடக்காமலும் போகலாம். ஒரே நாளுக்குத்தான் வசதிப்படும் என்றால் முதல் வார இறுதிக்கு வாங்குங்கள். எட்டு அணிகளும் அப்போது உயிரோடு இருக்கும்.