கட்டைவிரலால் ஒரு ஜாஸ் ஆல்பம்

'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார் ஆஃப் வெஸ் மாண்ட்கோமரி'. 'நம்பமுடியாத ஜாஸ் கிட்டார்' என்று இப்படித் தன் சரக்கைத் தானே மெச்சிக்கொள்ளும் தலைப்பைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஆனால் ஆர்ப்பாட்டமெல்லாம் அட்டையோடு சரி. உள்ளே வாசிப்பவரிடம் அலட்டலே இல்லை.

1960 ஜனவரியில் நியூயார்க்கில் பதிவான ஆல்பம், ரிவர்சைடு என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் வெளியீடு. எட்டு உருப்படிகள். வெஸ்ஸுக்கு அப்போது வயது 36. இண்டியானாபொலிஸில் பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி கிளப்பில் வாசிப்பு என்று காலம் தள்ளிய மனிதர். எழுதிய இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாது. தந்தியை மீட்டும் சின்ன வில்லையான பிக் வைத்து வாசித்தால் அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்கவில்லை என்று கட்டைவிரலுக்கு மாறியவர். அந்தச் சதைப்பற்றான, உருண்டையான நாதத்துக்காகவே இதை வாங்கலாம்.

'வெஸ்ட் கோஸ்ட் ப்ளூஸ்' கேளுங்கள். அவர் சோலோ, அதாவது தனி வாசிப்பு, கட்டும் முறை அதில் பளிச்சென்று தெரியும். முதலில் ஒற்றை ஸ்வரங்களாக, பேச்சுப்போக்கில் போகிறார். அப்புறம் ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து மீட்ட ஆரம்பிக்கிறார். ஆக்டேவ் என்பார்களே, அதுதான். நடுவில் இருக்கும் தந்தி ஒலிக்காமல் இடக்கை விரலால் அடக்கிக்கொண்டு, அதே வேகத்தில். கிட்டார் பிடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், மெதுவாகச் செய்தாலே கை வலிக்கிற வேலை அது. இதற்கு மேல் என்ன செய்துவிடுவார் என்று நினைக்கும்போது, முழு கார்டுகளாகவே, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாக மீட்டியே, மெலடியை நகர்த்துகிறார். சோலோ படிப்படியாகக் கனத்துக்கொண்டே போகிறது. கூச்சல் மட்டும் ஏறவே இல்லை.

பியானோவில் டாமி ஃப்ளானகன். இடம் விட்டு வாசிக்கத் தெரிந்தவர். அடிநாதம் தரும் பெரிய தந்தி வாத்தியமான பாஸில் பெர்சி ஹீத், ட்ரம்ஸ் அவர் தம்பி ஆல்பர்ட் ஹீத். பாஸ் இன்னும் கொஞ்சம் முன்னால் கேட்டிருக்கலாம் என்பது என் குறை. 'போல்கா டாட்ஸ் அண்ட் மூன்பீம்ஸ்' அழகுதான், ஆனால் எனக்குச் சற்றுத் தூக்கம் வரவழைக்கிறது.

ஜாஸ் புதிது என்றால் முதல் உருப்படியான 'ஏர்ஜின்' வேகத்தில் மிரண்டு ஓடிவிடாதீர்கள். நேராக 'டி நேச்சுரல் ப்ளூஸ்' போய்விட்டு, பிறகு 'ஃபோர் ஆன் சிக்ஸ்' வாருங்கள்.

1968-ல், 45 வயதில், வெஸ் இறந்துவிட்டார். கடைசி வருடங்களில் வயலின் கூட்டத்தோடு பிரபலமான பாட்டுகளை வாசித்த ஆல்பங்கள் நன்றாக விற்றன. இதைக் கேட்டபின் அவற்றில் சோலோ தேடினால் ஏமாற்றம்தான். அடுத்து வாங்குவதென்றால் பியானோக்காரர் விண்டன் கெல்லியின் ட்ரியோவுடன் (மூவர் குழு) வாசித்த 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்'.