சீனக் குடும்பப் பேச்சை அளக்கும் பத்து வாக்கியங்கள்

வீட்டார் ஒருவரோடொருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை அளக்க, அமெரிக்காவில் குடும்ப ஆய்வாளர் டேவிட் ஓல்சன் முதலானோர் உருவாக்கிய குடும்பத் தொடர்பு அளவுகோலின் சீன வடிவம் பத்தே வாக்கியங்களைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் என்பதால் மொத்தம் 10 முதல் 50 வரை வரும். சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம் என்பதே இதன் பெரிய பலம்.

பிரச்சினைகளை நிதானமாகப் பேசுகிறோமா, கோபத்திலும் கடுஞ்சொல்லைத் தவிர்க்கிறோமா என்பவை சீன வீடுகளுக்கும் நன்றாகவே பொருந்துகின்றன. அன்பை வெளிப்படுத்துவது பற்றிய வாக்கியத்தில்தான் எனக்குத் தயக்கம். அன்பை வாய்விட்டுச் சொல்லாமல், ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்பதிலும் பழத்தை நறுக்கி மேசையில் வைப்பதிலும் காட்டும் பெற்றோர் அங்கே ஏராளம். அத்தகைய வீட்டில் வளர்ந்த மகள் இதற்கு 2 போடுவாளா, 5 போடுவாளா என்பது ‘வெளிப்படுத்துதல்’ என்ற சொல்லை அவள் எப்படிப் புரிந்துகொள்கிறாள் என்பதைப் பொறுத்தது. வீட்டுக் குறையை வெளியே பரப்பக் கூடாது என்ற சீனப் பழமொழி வேறு குறுக்கே நிற்கிறது. அதனால் மதிப்பெண் உண்மையைவிடச் சற்று உயர்ந்தே வரக்கூடும். மூத்தோர்முன் காக்கும் மௌனம் மரியாதையா, மனக்கசப்பா என்பதையும் இந்த அளவுகோல் பிரித்துக் காட்டாது.

2011-இல் வந்த சீனச் செய்திச் செயலியான வீசாட்டின் குடும்பக் குழுக்களில் பரிமாறப்படும் குரல்செய்திகளுக்கு இதில் தனி இடமில்லை. தந்தை, தாய், பிள்ளை மூவரும் தனித்தனியே நிரப்பி, மதிப்பெண்களுக்கிடையிலான இடைவெளியையும் கவனிப்பதாக இருந்தால் மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.