மூன்று ஆண்டு எஸ்எஸ்எச்: அந்த ஒரு கோளாறு மட்டும் பொறுக்க முடியவில்லை

மடிக்கணினியின் டிஸ்க் பழுதாகி, புதியது மாற்றி வந்த வாரத்திலேயே, பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கும் தம்பி ஒருவர், "அண்ணா, உங்களைப் போல நானும் ஒரு லினக்ஸ் கிளவுட் மெஷின் வாடகைக்கு எடுக்கலாமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலின் காரணத்தை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

பெங்களூரு அல்சூரில் உள்ள என் வீட்டிலிருந்து, மும்பை டேட்டா சென்டரில் இருக்கும் உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை) மெஷினுக்குள், தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக மூன்று ஆண்டுகளாக அன்றாடம் நுழைகிறேன். பாஸ்வேர்டை முற்றிலும் முடக்கிவிட்டு, என் கணினியில் இருக்கும் ரகசியக் கோப்பான கீயை மட்டுமே நம்பியிருக்கிறேன். ஒருநாளும் அது என்னைக் கைவிட்டதில்லை. அடுத்த ஆண்டு வாடகையையும் கட்டிவிட்டேன்.

ஆனால் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் இந்த இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு போன் பேசி முடித்துத் திரும்பினால், திரை உறைந்து கிடக்கும். என்ன தட்டினாலும் ஓர் எழுத்தும் விழாது. ஓடும் கட்டளையை நிறுத்தும் கன்ட்ரோல்-சி கூட வேலை செய்யாது. என்டர், டில்டே (~), புள்ளி என்று வரிசையாக அழுத்தினால்தான் அந்த இணைப்பை அறுக்க முடியும் என்பதை அறியவே எனக்கு ஓராண்டு ஆனது. அதற்கு முன் ஓர் இரவு, காப்புநகலிலிருந்து தரவை மீட்கும் டேட்டாபேஸ் ரீஸ்டோரை ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தபோது அது பாதியில் நின்றிருந்தது.

குற்றம் எஸ்எஸ்எச்சுடையது அன்று. வீட்டு ரவுட்டரோ, இணைய நிறுவனத்தில், பலர் ஒரே இணைய முகவரியைப் பகிர உதவும் நேட் கருவியோ, சற்று நேரம் போக்குவரத்து இல்லாத இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து நீக்கிவிடுகிறது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கும் லினக்ஸின் டிசிபி கீப்அலைவோ 7200 விநாடிகள், அதாவது முழுமையாக இரண்டு மணி நேரம் கழித்துத்தான் முதல் விசாரிப்பை அனுப்பும். இதை மனத்தில் கொண்டுதான், நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் மறக்கக் கூடாது என்று 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5382 என்ற இணைய விதி ஆவணம் நேட் கருவிகளுக்கு விதித்தது. அந்த விதியை என் இணைப்பில் யாரும் மதிக்கவில்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். ரீஸ்டோரை ஓடவிட்ட அந்த இரவு, இரண்டு மணி நேரம் கழித்து விசாரித்து விடை கிடைக்காத சர்வர், நான் போய்விட்டதாகக் கருதி செஷனை மூடியது. அதனோடு ரீஸ்டோரும் செத்தது.

தீர்வு ஒரே வரிதான். மடிக்கணினியில் உள்ள எஸ்எஸ்எச்சின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் சர்வர்-அலைவ்-இன்டர்வல் 60 என்று எழுதினால், எதிர்முனையிலிருந்து ஒன்றும் வராத ஒவ்வொரு நிமிடமும் ஒரு சிறு செய்தி போய் இணைப்பை உயிரோடு வைத்திருக்கும். நீண்ட வேலைகளை, சர்வரிலேயே செஷனைத் தக்கவைக்கும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓடவிட்டால், இணைப்பு அறுந்தாலும் வேலை அறாது. ஆனால் அந்த இன்டர்வலின் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது எந்தச் செய்தியும் போகாது! பழைய டிஸ்கோடு என் கான்ஃபிக் கோப்பும் போனதால், இந்த வாரம் மட்டும் நான்கு முறை திரை உறைந்தது. புதிதாக வருபவர் இந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை இதையேதான் அனுபவிப்பார்.

நான்காவது முறை உறைந்த அன்று மாலைதான் தம்பியின் கேள்வி வந்தது. "இப்போது வேண்டாம்ப்பா, முதலில் வீட்டு இணைய இணைப்பை மாற்று" என்று சொல்லிவிட்டேன்.