கண்ணுக்குள் ஓசுர்டெக்ஸ்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டது

சர்க்கரையால் எனக்கு வலது கண்ணின் மாக்குலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) நீர் கோத்துக்கொள்கிறது. ரத்தக் கசிவுக்காக அந்தக் கண்ணில் விட்ரக்டமி (கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுக்கும் அறுவை சிகிச்சை) ஆகிவிட்டது, புரையும் எடுத்தாயிற்று. விட்ரக்டமி ஆன கண்ணில் சாதாரண ஊசி மருந்து சீக்கிரம் வடிந்துவிடக்கூடும் என்பதால் டாக்டர் கண்ணுக்குள் வைக்கும் மருந்துக் குச்சியான ஓசுர்டெக்ஸுக்கு மாற்றினார். அதன்பிறகு பலமுறை வைத்தாகிவிட்டது.

6 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குச்சி அது. 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் ஸ்டெராய்டு, கரையும் தையல் நூலில் இருக்கும் அதே வகைப் பாலிமரில் பொதிந்திருக்கும். மரத்துப்போகச் செய்துவிட்டு வெள்ளை விழி வழியாகச் செலுத்துவார்கள். ஒரு 'டக்' சத்தம், கொஞ்சம் அழுத்தம், அவ்வளவுதான்.

முதல் சில நாட்கள் குச்சி கண்ணுக்குத் தெரியும். விட்ரக்டமி ஆன கண்ணில் பிடித்து நிறுத்த ஜெல் இல்லை, அதனால் தலையை ஆட்டினால் அதுவும் நகரும். நிமிர்ந்து உட்கார்ந்தால் அது கீழே போய்ப் படியும், நமக்கோ மேல்பக்கம் நிழலாகத் தெரியும். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதுதான் காரணம். பயப்பட ஒன்றுமில்லை.

பார்வை இரண்டாம் மாதத்தில்தான் உச்சத்துக்கு வருகிறது. செய்தித்தாளில் எழுத்துகளின் நெளிவு அடங்கிவிடும். நான்காம் மாதம் தாண்டினால் மெல்ல மங்கல் திரும்பும், விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனிலும் வீக்கம் தெரியும். அப்போதும் குச்சியின் மிச்சம் கண்ணுக்குள் மிதந்துகொண்டிருக்கலாம், ஆனால் அதில் மருந்து அநேகமாகத் தீர்ந்திருக்கும். மிச்சம் தெரிகிறதே என்று அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது கண் அழுத்தத்தைப் பற்றி. பார்வை மிக நன்றாக இருக்கும் அதே இரண்டாம் மாதத்தில்தான் அழுத்தமும் ஏறுகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது. நன்றாகத்தானே தெரிகிறது என்று பலர் போகாமல் இருந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. சர்க்கரை நோயாளிகளை மூன்று ஆண்டுகள் கவனித்த மீட் ஆய்வில், இதை வைத்துக்கொண்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு அழுத்த மருந்து தேவைப்பட்டது. அறுவை சிகிச்சை வரை போனவர்கள் மிகச் சிலரே. எனக்கு ஒவ்வொரு முறையும் ஏறும், சொட்டு மருந்தில் அடங்கும், குச்சி கரையக் கரைய இறங்கிவிடும்.

அப்புறம், புரை அறுவை சிகிச்சையின்போது லென்ஸின் பின்சவ்வு கிழிந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிழிந்திருந்தால், அதுவும் விட்ரக்டமி ஆன கண்ணென்றால், குச்சி முன்பக்கம் வந்து கருவிழியை (கார்னியாவை) வீங்க வைத்துவிடலாம், அப்படியானால் உடனே எடுக்கவேண்டி வரும். லென்ஸ் வைத்தபின் சவ்வில் லேசர் செய்திருப்பது மட்டும் இதற்குத் தடையில்லை.

36 மாதம் மருந்து விடும் இலுவியன் என்ற கரையாத குழாயும் இருக்கிறது. அழுத்தம் ஏறும் என் கண்ணுக்கு, சில மாதங்களில் தானே கரைந்துபோகும் இதுவே போதும் என்பது என் முடிவு. டாக்டரும் அதையே சொன்னார்.